வேலூரில் பழைய கார் டயர்: ஒரு கடையில் ஏமாந்தேன், இன்னொரு கடையில் கற்றுக்கொண்டேன்

பழைய டயர் வாங்கலாமா என்று கேட்டால் என் பதில், வாங்கலாம். ஆனால் டயரின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் விரித்துக் காட்டுகிற கடையில் மட்டும். சக்கர டிஸ்க்கில் மாட்டி, காத்து அடித்து, பாலிஷ் போட்டு வரிசையாக நிற்க வைத்திருக்கும் டயரைக் கழற்றிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்கிற கடையாக இருந்தால், விலை பாதிதான் என்றாலும் கிளம்பிவிடுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு 2,600 ரூபாயும், நெடுஞ்சாலையில் பெண்டாட்டி பிள்ளையோடு ஒரு பயங்கரமான கால்மணி நேரமும் ஆனது.

எங்கள் வண்டி 2014 டிசையர், டீசல். டயர் அளவு 165/80 ஆர் 14. வாரா வாரம் கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகப் போளூருக்கு மாமியார் வீட்டுக்கு ஓட்டம், மாதம் ஒருமுறை ஆம்பூரோ சென்னையோ, மற்ற நாட்களில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரைக்கும். பெரிய ஓட்டம் இல்லை. வண்டியையே இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் மாற்றிவிடலாம் என்ற யோசனை இருந்ததால் புது டயருக்கு ஒன்றுக்கு 4,600 ரூபாய் கொடுக்க மனசு வரவில்லை. அதனால்தான் பழைய டயர் பக்கம் போனேன்.

முதலில் வாங்கியது 2024 பிப்ரவரியில். கடை எது, எங்கே என்று எழுதப் போவதில்லை. இரண்டு டயர் 2,600 ரூபாய். பார்க்க அப்படி ஒரு கறுப்பு, பளபளவென்று இருந்தது. பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பள்ளமும் மேடுமான ரப்பர், நல்ல ஆழம், விரல் நுனி உள்ளே போனது. "ஷோரூம்ல இருந்து வந்தது சார், ஓடவே இல்ல" என்றார்கள். நான் நம்பினேன், வேறு எதையும் பார்க்கத் தெரியவில்லை. முன்பக்கம் இரண்டிலும் மாட்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை.

மே மாதம், அக்னி நட்சத்திரம் நடக்கும்போது, ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி 80-ல் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் லேசாக நடுங்க ஆரம்பித்தது. ரோடு சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அப்புறம் நடுக்கம் கைக்கு வந்து, சீட்டுக்கு வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த பையன் "அப்பா, வண்டி ஆடுது" என்றதும்தான் ஓரம் கட்டினேன். இடது முன் டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. டயரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. பக்கத்தில் லாரிகள் ஒவ்வொன்றாகப் போகும்போது வண்டியே அசைகிறது, அந்த வெயிலில் ஜாக்கி வைத்து ஸ்டெப்னி மாற்றினேன். இன்னும் ஐந்து நிமிஷம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

மாதனூரில் ஒரு பஞ்சர் கடைக்காரர் அந்த டயரை வாங்கிப் பார்த்தார். உள்ளே ஒரு பெரிய பேட்ச், அதுவும் பட்டன் பகுதியில் இல்லை, பக்கச் சுவரில். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிற இடம், அங்கே கிழிந்த டயரை ஒட்டி ஓட்டவே கூடாது. அதைவிட மோசமானது அவர் அடுத்துக் காட்டியது. பட்டனின் ஆழம் அதன் சொந்த ஆழமே இல்லை. தேய்ந்து மொட்டையான டயரில் சூடான பிளேடால் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் நகத்தால் கீறினார், அடியில் கம்பி தெரிந்தது. சில லாரி டயர்களை வெட்டலாம், அதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்து, வெட்டலாம் என்று டயரிலேயே அச்சடித்தும் இருப்பார்கள். கார் டயரில் அந்த ரப்பரே கிடையாது. வெட்டினால் கம்பி வலைக்கு மேல் ஒரு தோல்தான் மிச்சம்.

விற்ற கடைக்குத் திரும்பிப் போனேன். "குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, எங்கயாவது பள்ளத்துல விட்டிருப்பீங்க" என்று முடித்துவிட்டார்கள். பில் இல்லை, சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. டயர் விற்பவர் செய்யக்கூடாத காரியம் அது. ஒரு குடும்பத்தின் உயிரை 1,300 ரூபாய்க்கு விற்கிற வேலை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதற்கப்புறம் வண்டியை ஒரு வாரம் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் டாக்சி ஓட்டுகிறவர். "புதுசு வாங்கலைனா பாய் கடைக்குப் போ, அவரு உள்ள காட்டிட்டுத்தான் குடுப்பாரு" என்றார். காட்பாடி போகும் வழியில், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி உள்ளே ஒரு சந்தில் இருக்கிறது. வெளியே போர்டு கூடச் சரியாக இல்லை. தகரக் கொட்டகை, கூரை வரைக்கும் டயர்.

போனதும் பாய் கேட்டது விலையைப் பற்றி இல்லை. வண்டி எது, எத்தனை பேர் போவீர்கள், ஹைவேயா ஊருக்குள்ளா, மற்ற இரண்டு டயர் எப்படி இருக்கிறது. வண்டியைச் சுற்றி வந்து பின் டயர்களைத் தானே குனிந்து பார்த்தார். அப்புறம்தான் உள்ளே போய் நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். எதிலும் பாலிஷ் இல்லை, எல்லாம் தூசி. நான் தயங்கித் தயங்கி, "உள்ள பார்க்கலாமா பாய்?" என்றேன். "இன்னா சார் இப்டி கேக்குறீங்க, பார்க்காம எப்டி வாங்குவீங்க?" என்று சொல்லிவிட்டு, கடைப் பையனிடம் உருதுவில் ஏதோ சொன்னார். அவன் ஒரு டார்ச் எடுத்து வந்தான். டயரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முழுச் சுற்றும் மெதுவாகச் சுழற்றிக் காட்டினான்.

அன்றைக்கு அங்கே நின்ற ஒரு மணி நேரத்தில் நான் கற்றதை எழுதிவிடுகிறேன்.

உள்பக்கத்தில் பேட்ச் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பக்கச் சுவரின் உள்ளே வட்டமாக ஒரு தேய்மானம், கறுப்பாகப் பொடி உதிர்ந்த மாதிரி இருந்தால், அந்த டயர் காத்து இறங்கிய நிலையில் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே நூல் நொந்து போயிருக்கும். நான்கில் ஒன்றில் அது இருந்தது. பாய் தானே அதை ஒதுக்கி வைத்தார், "இது மாட்டு வண்டிக்குப் போவும்" என்றார். அந்த ஒரு செய்கையில்தான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது.

பட்டன் நடுவில் ஆணி ஏறிய சின்ன ஓட்டை, உள்பக்கமிருந்து காளான் வடிவப் பேட்ச், தண்டு ஓட்டையை அடைக்கும்படி ஒட்டியிருந்தால் பரவாயில்லை. ஓரத்திலோ பக்கச் சுவரிலோ ஒட்டு இருந்தால் தொடவே வேண்டாம்.

அடுத்தது தேதி. பெரும்பாலான டயர்களில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும், அதன் கடைசி நான்கு எண்தான் தயாரான தேதி. நான் வாங்கியதில் 3122 என்று இருந்தது. 2022-ம் வருஷம் 31-வது வாரம், அதாவது ஆகஸ்ட் தொடக்கம். நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று, இந்தத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டிவிட்டால் வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தேதியே தெரியாது. முதல் கடையில் எனக்கு அப்படித்தான் மாட்டியிருந்தார்கள். கழற்றிய பிறகு பார்த்தேன், 2015-ல் செய்தது! ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும், வெயிலும் காற்றும் அதை இறுக்கி வெடிக்க வைக்கும், நம் வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் போனதைப் பழைய டயராக வாங்கக் கூடாது என்பது என் கணக்கு. பாலிஷ் எதற்குப் போடுகிறார்கள் என்பதும் அங்கேதான் புரிந்தது. பக்கச் சுவரில் மயிரிழை மாதிரி ஓடும் வெடிப்புகளை அது மூடிவிடும். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் வெடிப்பு வாயைத் திறக்கும்.

வெட்டிய பட்டனைக் கண்டுபிடிக்கும் வழியையும் பாய் காட்டினார். பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே சின்ன மேடு இருக்கும். டயர் அதுவரை தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்ற அடையாளம் அது, 1.6 மில்லிமீட்டர் உயரம். நம் மோட்டார் வாகன விதியிலும் காருக்குக் குறைந்தபட்ச பட்டன் 1.6 மில்லிமீட்டர்தான். பிளேடு போட்டவன் அந்த மேட்டையும் சேர்த்து வெட்டியிருப்பான். மேடு இல்லை, பள்ளத்தின் அடி சொரசொரப்பாக இருக்கிறது, அகலம் ஒரே சீராக இல்லை என்றால் அது கத்தி வேலை. அச்சில் வார்த்த பள்ளம் வழுவழுவென்று இருக்கும். ஒருமுறை விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

நான் எடுத்தது இரண்டு எம்.ஆர்.எஃப். டயர். பழைய வட ஆற்காட்டுக்காரனுக்கு அந்தப் பெயரில் ஒரு பாசம் உண்டு, அரக்கோணத்தில் அவர்கள் ஆலை இருக்கிறது, சொந்தத்தில் இரண்டு பேர் அங்கே வேலை பார்த்தவர்கள். பாசத்துக்காக மட்டும் வாங்கவில்லை. இரண்டும் ஒரே வண்டியிலிருந்து கழற்றியவை, புது வண்டி வாங்கிய கொஞ்ச நாளில் அலாய் வீல் போட்டு அகல டயருக்கு மாறிய யாரோ கொடுத்தது. பட்டன் அளக்கும் சின்னக் கருவியை ஆன்லைனில் 150 ரூபாய்க்கு வாங்கி எடுத்துப் போயிருந்தேன். இரண்டிலும் 6 மில்லிமீட்டர், ஓரத்திலும் நடுவிலும் ஒரே அளவு. பக்கத்தில் 85 டி (85T) என்று இருந்தது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. என் வண்டிக்கு வேண்டியது அதுதான். அளவு ஒன்றாக இருந்து இந்த எண் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

விலை ஒன்று 1,900. முதல் கடையில் 1,300 தானே, இது அதிகம் இல்லையா என்று நினைப்பீர்கள். நானும் கேட்டேன். பாய் 1,500-க்கு வேறொரு ஜோடியைக் காட்டினார், நல்ல டயர்தான், ஆனால் 4 மில்லிமீட்டர். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சட்டம் 1.6 என்றாலும், 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயர் மழையில் தண்ணீரை வெளியே தள்ளத் திணறும், அதனால் நான் 3-லேயே மாற்றிவிடுவேன். புது டயர் 8 மில்லிமீட்டர் என்று வையுங்கள், பயன்படுவது 5, விலை 4,600, ஒரு மில்லிமீட்டருக்கு 920 ரூபாய். நான் வாங்கியதில் பயன்படுவது 3, விலை 1,900, மில்லிமீட்டருக்கு 633. அந்த 1,500 ரூபாய் டயரில் பயன்படுவது வெறும் 1, அப்போ மில்லிமீட்டருக்கு 1,500! புதுசைவிட அதுதான் விலை அதிகம். பழைய டயரில் மலிவானதைத் தேடுகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே பழைய டயர் வாங்குவதில் லாபமே இல்லை.

மாட்டும்போது பாயோடு எனக்கு ஒரு வாக்குவாதம். நல்ல டயரை முன்னாடி போடுங்கள் என்றேன், எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம். அவர் கேட்கவில்லை. பின்னால் இருந்த 4 மில்லிமீட்டர் டயர்களை முன்னுக்குக் கொண்டுவந்து, வாங்கிய இரண்டையும் பின்னால் மாட்டினார். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும், பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், ஒன்றும் செய்ய முடியாது என்றார். பெரிய டயர் கம்பெனிகளும் இதையேதான் சொல்கின்றன என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த விஷயத்தை மான்ட்ரியலில் இருக்கும் என் மச்சானிடம் சொன்னேன். அவருக்கும் பழைய டயர் வியாபாரம் அத்துப்படி, ஆனால் அங்கே கதை வேறு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் மாட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியிருப்பதால், அவர் டிஸ்க்கோடு நான்கு பழைய குளிர்கால டயர் வாங்கி வைத்திருக்கிறார். அந்த ரப்பர் நம்முடையது மாதிரி இல்லை. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் இறுகிப் பிடிப்பை விட்டுவிடும், குளிர்கால டயர் அப்போதும் மென்மையாக இருக்கும். பனியைக் கவ்வ ஆழம் வேண்டும் என்பதால் 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தொடமாட்டாராம். நான் வீட்டில் உட்கார்ந்து போட்ட அதே எண், காரணம் மட்டும் வேறு. "நான்கையும் மாற்று மாமா, ரெண்டு மட்டும் மாத்துற வேலை இங்க ஆகாது" என்றார். முன்னே மட்டும் குளிர்கால டயர் போட்டால் முன் சக்கரம் பிடித்து நிற்கும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வரும், பாய் சொன்ன அதே ஆபத்து.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் எஸ்.யு.வி. டயர்கள் சிலவற்றில் எம் பிளஸ் எஸ் என்று போட்டிருக்கும். சேறு, பனி என்று பொருள். அதைப் பனி டயர் என்று சிலர் வாங்குகிறார்கள். அது பட்டனின் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் அடையாளம். உண்மையான குளிர்கால டயரில் மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனிச்செதில் படம் இருக்கும், அது பரிசோதனையில் தேறினால்தான் வரும். அந்தப் படம் போட்ட டயர் எப்போதாவது கண்ணில் பட்டால் விலை குறைவு என்று ஆசைப்பட வேண்டாம். மெது ரப்பர் நம் மே மாத ரோட்டில் அழிரப்பர் மாதிரி கரையும், சூட்டில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

கடையில் குறைகளும் உண்டு. பேலன்சிங் மெஷின் இல்லை, அலைன்மென்டும் கிடையாது, இரண்டுக்கும் வேறு இடம் போய் 700 ரூபாய் தனியாகச் செலவானது. அதைச் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். சந்தில் வண்டியைத் திருப்பவே சிரமம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக மூடியிருக்கும், தெரியாமல் போனால் இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியதுதான். முறையான பில் தருவதில்லை. நான் கேட்டதும் ஒரு சீட்டில் டயரின் தேதி எண், விலை, 15 நாளுக்குள் புடைப்பு வந்தால் மாற்றித் தருவதாகச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு அது போதும், ஆனால் கேட்காதவர்களுக்கும் அவர் அதைக் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன், அவரிடமே சொல்லியும் விட்டேன்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது, 12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த அந்த வாரத்தில் போளூர் போய்த் திரும்ப வேண்டி வந்தது. கண்ணமங்கலம் தாண்டி ரோட்டின் மேலேயே தண்ணீர். 40-க்கு மேல் போகவில்லை. ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்து நான் பிரேக்கை அழுத்தியபோது வண்டியின் பின்பக்கம் ஒரு இம்மிகூட அசையவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி ஒன்றும் பேசவில்லை, கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஏலகிரிக்கும் ஒருமுறை போய் வந்தோம், 14 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கிறீச் சத்தம் இல்லை. மாதம் இரண்டு தடவை காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காத்து பார்க்கிறேன். வெயில் காலத்தில் காத்தைக் குறைத்து ஓட்டலாம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். காத்து குறைந்தால் பக்கச் சுவர் அதிகமாக மடங்கும், மடங்க மடங்கச் சூடேறும், பழைய டயர் வெடிப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அளந்தேன், பின்னால் இரண்டும் 4.7. முன்னால் இருப்பவை 3-ஐத் தொட்டுவிட்டன, மழைக்கு முன்பே மாற்றியாக வேண்டும். பாயிடம் போனில் கேட்டேன், 165/80-ல் 2023 ஜோடி ஒன்று வந்திருக்கிறதாம், 6.5 இருக்கும் என்றார், வந்து உள்ளே பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வியாழக்கிழமை போகிறேன்.